அப்பாவின் பாஸ்வேர்டு

உங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா? சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். போனைத் தொடாமல், பெண்டாட்டி பிள்ளைகளைக் கேட்காமல், ஒரு பேப்பரில் எழுதிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

எனக்குத் தெரியாது. அதே வைஃபையில் உட்கார்ந்துதான் வாராவாரம் கட்டுரை அனுப்பிப் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் தெரியாது.

எங்கள் வீட்டில் அது அப்பாவின் டிபார்ட்மெண்ட். 2018-ல் ஃபைபர் கனெக்‌ஷன் வாங்கியது அவர், டெபாசிட் கட்டியது அவர், பாஸ்வேர்டு வைத்ததும் அவரே. யார் கேட்டாலும் சொல்லமாட்டார். "குடு, நானே போடறேன்" என்று போனை வாங்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரும்பி நின்று, ஒற்றை விரலால் தட்டித் தருவார். பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருஷம் டெண்டர் கவர்களைக் காபந்து பண்ணிய பழக்கம் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். 2022-ல் அப்பா போய்விட்டார். பாஸ்வேர்டு எங்கள் போன்களுக்கெல்லாம் ஞாபகம் இருந்ததால், மனிதர்களுக்குத் தேவைப்படவில்லை. விருந்தாளி வந்தால் மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுச் சமாளித்தோம்.

கனெக்‌ஷனை என் பெயருக்கு மாற்றலாம் என்று போன வருஷம் போன் செய்தேன்.

"அக்கவுண்ட் ஹோல்டர் பேசணும் சார்."

"அவர் காலமாயிட்டாருங்க."

"ஓகே சார். அப்ப அவர் நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதை அவரைச் சொல்லச் சொல்லுங்க."

நாலு தடவை, நாலு பேரிடம், இதே உரையாடல். இறப்புச் சான்றிதழை இரண்டு முறை மெயிலில் அனுப்பினேன். இரண்டு முறையும் 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது' என்று எஸ்.எம்.எஸ். வந்தது. மோடத்துக்காக அப்பா கட்டிய 1,500 ரூபாய் டெபாசிட்டும் அதே கிணற்றில் கிடந்தது. நான் பி.காம். ஒரு நோட்டில் அதை 'வராக்கடன்' என்று எழுதி மூடிவிட்டு, வேறு கம்பெனிக்குப் போனேன்.

இந்தத் தடவை ஒரு வைராக்கியம். அவர்கள் தரும் மோடம் வேண்டாம், டெபாசிட்டும் வேண்டாம். சொந்தமாக வாங்கி நானே மாட்டுவேன்!

(மோடம் என்பது பழைய வாசனைதான். டயல்-அப் காலத்தில் கம்ப்யூட்டரின் கணக்கை டெலிபோன் லைனில் போகிற சத்தமாக மாற்றிய பெட்டி அது. கரகரவென்று கத்திவிட்டு 56 கிலோபிட்டில் தவழும். பிறகு 2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோது 256 கிலோபிட்டே புயல் வேகமாகத் தெரிந்தது. இப்போது வருவது கண்ணாடி இழையில் வெளிச்சம். அதை வாங்கி மாற்றித் தரும் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர். ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அது மோடம்தான்.)

சொந்தப் பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம், கேளுங்கள். பெட்டி வந்தது. புதுக் கம்பெனிப் பையன் சுவர் வரைக்கும் ஒயர் இழுத்து முடித்துவிட்டு, வண்டியில் எதையோ எடுக்கப் போனான். அவன் வருவதற்குள் நானே வாங்கி வைத்திருந்த ஒரு கேபிளைச் சொருகினேன். சிவப்பு விளக்கு. பிடுங்கிச் சொருகினேன். மறுபடி சிவப்பு. பையன் வந்து பார்த்தான். "சார், நீங்க போட்டிருக்கிறது நீலம். இது பச்சைக்குத்தான் சேரும்" என்றான். பச்சை முனையில் கண்ணாடியை எட்டு டிகிரி சாய்வாகச் சீவியிருப்பார்களாம், எதிரொலிக்கும் வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போகாமல் இருக்க. நீலம் சாய்வில்லாதது. இரண்டையும் முட்டவிட்டால் நடுவில் இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும். முடியைவிடக் கொஞ்சம் பெரிய இழைக்கு இத்தனை ரோஷம்! அவன் பச்சை கேபிளைப் போட்டு, சின்ன மீட்டரில் அளந்து, "மைனஸ் இருபது, சூப்பர் சார்" என்றான். மைனஸ் இருபத்தேழைத் தாண்டினால் தகராறு ஆரம்பமாம்.

சிவப்பு போயிற்று. ஆனால் பச்சை நிற்காமல் கண்ணடித்தது.

கஸ்டமர் கேரில், "வெளி டிவைஸுக்கு நாங்க சப்போர்ட் பண்றதில்லை" என்று கதவைச் சாத்தினார்கள். பையன்தான் காப்பாற்றினான். விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு பெட்டிக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு சீரியல் நம்பர் உண்டு. அதைக் கம்பெனியின் மெஷினில் ஏற்றினால்தான் உள்ளே விடும். கல்யாண வீட்டு வாசலில் 'நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா' என்று கேட்பதுபோல. பையன் ஆபீசில் யாருக்கோ போன் போட்டு நம்பரை வாசித்தான். வேலைக்காகவில்லை. மறுபடி வாசித்தான். இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து, ஸ்டிக்கரை என் மனைவி வாங்கிப் பார்த்து, "அது எட்டு இல்லைங்க, பி" என்றாள். விளக்கு நிலைத்தது.

ஆகவே, பெட்டிக்குக் காசு கொடுப்பதற்கு முன்னாலேயே, 'சொந்த மோடத்தின் சீரியல் நம்பரை ஏற்றுவீர்களா, யூசர்நேமும் பாஸ்வேர்டும் வி-லான் நம்பரும் தருவீர்களா' என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழுப்பினால் அவர்கள் தருவதையே மாட்டிக்கொண்டு போய்விடலாம். நான் கேட்கவில்லை. பையன் நல்லவனாக இருந்ததால் பிழைத்தேன்.

கிளம்பும்போது அவன் ஒரு யோசனை சொன்னான். "பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே இதுல வச்சிடுங்க சார். போன், டி.வி. எல்லாம் தானா சேர்ந்துக்கும். ஒவ்வொண்ணா மாத்த வேணாம்."

அம்மா அதுவரை சோபாவில் பேசாமல் இருந்தாள். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு என் தங்கை அமெரிக்காவிலிருந்து வீடியோவில் வருவாள். அம்மாவின் நாள் அதை வைத்துத்தான் ஓடுகிறது. அப்போது மணி எட்டே கால்.

"பாஸ்வேர்டு என்ன சார்?" என்றான் பையன்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். இருவருக்கும் தெரியாது.

ஃபைபரைப் பிடுங்கினாலும் பழைய பெட்டியின் வைஃபை வேலை செய்யும், கரண்ட் இருந்தால் போதும். லேப்டாப்பில் 192.168.1.1 என்று அடித்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பெயரையும் ரகசியத்தையும் கொடுத்து உள்ளே நுழைந்தேன். (போனிலேயே பார்த்திருக்கலாமே என்பீர்கள். அப்போது தோன்றவில்லை.) பாஸ்வேர்டு இருந்த கட்டத்தில் வரிசையாகப் புள்ளிகள். பக்கத்தில் கண் படம். அதைத் தட்டினேன்.

அம்மாவின் பெயர். ஆனால் முன்னால் இருந்தது அப்பாவின் இனிஷியல் இல்லை, என் தாத்தாவுடையது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்த பெயர்! ரேஷன் கார்டிலோ பேங்க் பாஸ்புக்கிலோ நான் பார்த்தறியாத பெயர். பின்னால் 1975.

(நம்பரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். தெரு முனையில் லேப்டாப்போடு வந்து நிற்காதீர்கள்.)

"கல்யாணம் 76 தை மாசம்தானே? அப்பா வருஷத்தைத் தப்பாப் போட்டிருக்காரே!" என்றேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்து எழுத்துக் கூட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தப்பில்லைடா. பொண்ணு பார்க்க வந்தது 75, கார்த்திகை" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பையனுக்குக் காபி கொண்டு வரத்தான் போனாள், ஆனால் காபி வர நேரமாயிற்று.

அப்படியே ஒரு எழுத்து பிசகாமல் புதுப் பெட்டியில் அடித்தேன். அம்மாவின் போன் முதலில் சேர்ந்தது, அப்புறம் டி.வி. ஒன்பது மணிக்குத் தங்கை வந்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுப் பிள்ளை வந்தது. பரீட்சை ஹால் டிக்கெட் டவுன்லோடு பண்ணணும், வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க அங்கிள் என்றது. நான் வாய் திறப்பதற்குள் ஹாலிலிருந்து அம்மாவின் குரல்.

"இங்க குடு, நானே போடறேன்."

ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. இரண்டு முறை தப்பாக அடித்தாள். கேட்கிறீர்களா, என்னையும் பக்கத்தில் வரவிடவில்லை!