உள்ளதை எழுதியவர்

நம்மிடம் ஓதிய ஆம்பூர் இளைஞரொருவர் இராணுவ அதிகாரித் தேர்வில் தேறியும், முன்பு மனச்சோர்வுக்கு மருந்துண்டவர் என்பதால் மருத்துவக் குழுவினரால் விலக்கப்பட்டார். “உள்ளதை எழுதியதே வினையாயிற்று, ஹஜ்ரத்” என வருந்தினார் தந்தை. நாம் அதை ஏற்கவில்லை.

மேல்முறையீட்டு மருத்துவக் குழுமுன் நிற்க வழியுண்டு. பழைய சிகிச்சை ஒன்றையே கொண்டு ஒருவரை இன்றும் மனநோயாளியெனத் தீர்மானித்தலாகாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். படையின் உடற்தகுதி விதிகளோ தனி, வெற்றி உறுதியன்று. ஆயினும் குணமடைந்த சான்றோடு செல்க, பொய்யோடு செல்லற்க.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095இல் பக்தாதில் பாடஞ்சொல்ல நாவெழாது தவித்தார்கள். நோய் உள்ளத்தில் என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். இதை இமாமவர்களே மறைக்காது எழுதிவைத்தார்கள். 1106இல் நிஷாப்பூரில் மீண்டும் ஆசிரியரானார்கள்.

வேலூர்ப் பாகாயத்தில் 1957 முதல் மனநல மருத்துவமனை உண்டு. அவ்வூர்ப் பெயரைக் கேலியாக்கும் நம் நாவன்றோ முதலில் குணமாக வேண்டும்!