பெட்டிக்குள் விழுந்த வால்

பல்லி தன் வாலைத் தானே கழற்றிவிடும். பிடித்து இழுக்கும் கையோ, கவ்வும் பூனையின் வாயோ தூண்டுதல் மட்டும்தான். முறிவை நடத்தி முடிப்பவை பல்லியின் சொந்தத் தசைகள். வாலின் அடியில் உள்ள முதல் சில எலும்புகளை விட்டுவிட்டால், மற்ற முள்ளெலும்புகள் பெரும்பாலானவற்றின் குறுக்கே பிறவியிலேயே ஒரு முறிவுக்கோடு அமைந்திருக்கிறது. மாத்திரை அட்டையில் கிழிப்பதற்கென்று புள்ளி வைத்திருப்பார்களே, அதைப்போல எலும்பும் தசையும் கொழுப்பும் தோலும் ஒரே மட்டத்தில் பிரியத் தயாராக இருக்கின்றன. டோக்கே கெக்கோ என்னும் பெரிய பல்லியின் வாலை ஆராய்ந்த டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள், பிரிந்த தசைநார்களின் நுனிகள் காளான் வடிவில் இருப்பதை 2012இல் காட்டினார்கள். 2022இல் அபுதாபியிலுள்ள நியூயார்க் பல்கலைக்கழக வளாகத்தின் குழு ஒன்று, வேறு சில பல்லிகளை ஆராய்ந்து, அந்தக் காளான்களின் தலையில் மிக நுண்ணிய துளைகள் இருப்பதைக் கண்டது. நேராக இழுத்தால் அந்தப் பிணைப்பு நன்றாகத் தாங்குகிறது. பக்கவாட்டில் வளைத்தால் சட்டென்று விட்டுவிடுகிறது. அன்றாட ஓட்டத்திலும் தாவலிலும் வால் உதிராமல் இருப்பதும், ஆபத்து வந்த கணத்தில் ஒரே வளைப்பில் உதிர்வதும் இதனால்தான்.

முறிந்த இடத்தில் இரத்தம் பெருக்கெடுப்பதில்லை. முறிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் உள்ள இரத்தக்குழாய்கள் சுருங்கி அடைத்துக்கொள்ள, சில துளிகளோடு நின்றுவிடுகிறது. விழுந்த வால்தான் அடங்காமல் துடிக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் கதவிடுக்கில் சிக்கிய பல்லியின் வால் தரையில் தனியே நெளிவதைப் பார்க்காதவர்கள் குறைவு. லெப்பர்ட் கெக்கோ என்னும் பல்லியின் வாலை அளந்து பார்த்த ஆய்வாளர்கள் திமதி ஹைகம், அந்தோணி ரஸல் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது வெறுமனே இடமும் வலமும் ஆடுவதோடு நிற்பதில்லை. திடீரென்று 3 செ.மீ. உயரம்வரை எம்பிக் குதிக்கிறது, திசை மாற்றுகிறது, ஓய்ந்து கிடந்து மீண்டும் தொடங்குகிறது. அரை மணி நேரம்வரைகூட இது நீடிக்கலாம். மூளையின் கட்டளை இல்லாமல், வாலுக்குள் இருக்கும் தண்டுவடப் பகுதியே இத்தனை அசைவுகளையும் இயக்குகிறது. எதிரி அந்தத் துடிப்பில் கண்வைத்திருக்கும் நேரத்தில் பல்லி பொந்துக்குள் போய்விடும்.

இந்தத் தப்பித்தலுக்குப் பல்லி கொடுக்கும் விலை பெரிது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களில் வாழும் லெப்பர்ட் கெக்கோ, இரை கிடைக்காத காலத்துக்கான கொழுப்பைத் தன் பருத்த வாலில்தான் சேர்த்துவைக்கிறது. வால் போனால் பல மாதச் சேமிப்பு ஒரே நொடியில் போய்விட்டது என்று பொருள். அதன் உறவினமான டெக்ஸாஸ் பகுதிப் பல்லி ஒன்றை ஆராய்ந்தபோது, வாலிழந்த பெண் பல்லிகள் இட்ட முட்டைகள் எடையிலும் ஊட்டத்திலும் குறைந்திருந்தன. சுவரில் ஏறும் இனங்களுக்கு வால் வேறொரு வகையில் உதவுகிறது. ஆசியத் தட்டைவால் பல்லியின் கால் சறுக்கும்போது வால் சுவரில் ஊன்றி, அது பின்னால் கவிழாமல் தடுக்கிறது; கீழே விழும்போது உடலைத் திருப்பி வயிறு கீழாக இறங்க வைக்கிறது. வாலைப் பல்லியின் உதிரி உறுப்பு என்று எண்ணுவது தவறு. உயிருக்கு அடுத்தபடியாக அது வைத்திருக்கும் சொத்து அதுதான்.

வால் திரும்ப முளைக்குமா என்ற கேள்விக்கு எல்லாப் பல்லிக்கும் பொதுவான பதில் இல்லை. லெப்பர்ட் கெக்கோவுக்கு முளைக்கும். காயம் தழும்பில்லாமல் மூடிக்கொள்கிறது, அதன் நடுவில் ஒரு சிறு மொட்டு எழுகிறது, ஒன்றிரண்டு மாதங்களில் புது வால் ஓரளவு உருப்பெற்றுவிடுகிறது. அது பழைய வாலின் நகல் அன்று. உள்ளே முள்ளெலும்புகளுக்குப் பதிலாகக் குருத்தெலும்புக் குழாய் ஒன்று ஓடுகிறது. வெளியே வளையம் வளையமான மடிப்புகள் இல்லை. தோல் வழவழப்பாகவும், உருவம் குட்டையாகவும் கிழங்குபோல் உருண்டும் இருக்கும். பழைய கோடுகளும் புள்ளிகளும் அப்படியே திரும்புவதில்லை. புது வாலில் முறிவுக்கோடுகளும் கிடையாது. மறுபடி உதிர்க்க வேண்டுமானால், உடலையொட்டி எஞ்சியிருக்கும் பழைய எலும்புகளில்தான் முடியும். வால் அரைகுறையாக முறிந்து தொங்கிக்கொண்டிருந்தால், ஆறும்போது சில வேளை இரட்டை வால் முளைப்பதும் உண்டு.

வளர்ப்புப் பல்லிகளில் லெப்பர்ட் கெக்கோ அளவுக்கே விரும்பப்படும் கிரெஸ்டட் கெக்கோவுக்கு இந்த வாய்ப்பு இல்லை. பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாவைச் சேர்ந்த இந்த இனம் 1866இல் அறிவியலில் விவரிக்கப்பட்டது. பின்னர் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டு, 1994இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. கிளையைச் சுற்றிப் பிடிக்கும் அதன் வாலின் நுனியில் ஒட்டும் திண்டு ஒன்றுகூட உண்டு. ஆனால் ஒருமுறை அடியோடு உதிர்ந்தால் அவ்வளவுதான், அந்த இடத்தில் ஒரு சிறு முளையைத் தவிர எதுவும் வராது. காட்டில் வளர்ந்த கிரெஸ்டட் கெக்கோக்களில் பெரும்பாலானவை வாலில்லாமலேயே வாழ்கின்றன. ஆகவே வீட்டில் வளர்வது வாலை இழந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை. வாங்கிய புதிதில் வால் போனதும் பல்லியே செத்துவிடும் என்று பதறுகிறவர்களுக்கு இது ஆறுதல். உதிர்ந்ததற்கான காரணத்தைத் தேடாமல் இருக்க இதைச் சாக்காகக் கொள்ளக் கூடாது.

காட்டில் வாலைக் கொடுத்தால் தப்பி ஓட ஒரு திசை இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படி எந்தத் திசையும் இல்லை. வாலைக் கொடுத்த பிறகும் பல்லி அதே பெட்டியில், அதே அச்சத்தோடு, அந்த ஆபத்தின் அருகிலேயே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆபத்து என்ன என்று கண்டுபிடிப்பது வளர்ப்பவரின் முதல் வேலை. பெரும்பாலும் அது மனிதக் கைதான். மேலிருந்து இறங்கும் கை பல்லிக்குப் பருந்தாகவே தெரியும். குட்டிகளுக்கு இன்னும் அதிகமாக. லெப்பர்ட் கெக்கோ முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்கிறது. உடலைத் தாழ்த்தி, வாலை மட்டும் தூக்கி, பாம்பு நெளிவதுபோல் மெதுவாக அசைத்தால் அது பயந்திருக்கிறது. அப்போது கையை எடுத்துவிட வேண்டும். இரையைக் குறிவைக்கும்போது வால் நுனி படபடவென்று நடுங்குவது வேறு. இரண்டையும் பிரித்தறியச் சில நாள் பொறுமையாகக் கவனித்தாலே போதும். பல்லியை எடுக்க வேண்டிய நேரத்தில் உள்ளங்கையைப் பக்கவாட்டில் நீட்டி வயிற்றுக்கடியில் நகர்த்தி, அதுவாக ஏறிக்கொள்ள விட வேண்டும். வாலை எந்த நிலையிலும் பிடிக்கக் கூடாது.

அடுத்த காரணம் கூட்டுக் குடித்தனம். தனியே இருந்தால் பாவம் என்று இரண்டு பல்லிகளை ஒரே பெட்டியில் விடுகிறார்கள். லெப்பர்ட் கெக்கோவுக்குத் துணை தேவையில்லை. ஆண்கள் இரண்டு சேர்ந்தால் சண்டை நிச்சயம். பெண்களுக்குள்ளும் ஒன்று மற்றொன்றை ஒளிவிடத்திலிருந்தும் தீனியிலிருந்தும் விரட்டும். வால் போவதற்கு வெகு முன்பே மெலிவு தொடங்கியிருக்கும். தின்னாமல் மிஞ்சிய சுவர்க்கோழிகளை இரவு முழுவதும் பெட்டியிலேயே விட்டுவிட்டால் அவையும் பல்லியைக் கடிக்கும். பெட்டியின் மூடி, நகரும் கண்ணாடிக் கதவு, வீட்டுப் பூனை, இடைவிடாத அதிர்வு ஆகியவையும் காரணமாகலாம்.

வால் நுனி கருத்து உலர்ந்து போவது வால் உதிர்வதிலிருந்து வேறுபட்டது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். தோல் உரியும்போது வாலின் நுனியில் பழைய தோல் ஒரு வளையமாகத் தங்கிவிடும். முதல் முறை வெண்மையான மெல்லிய காகிதத் துணுக்காகத்தான் தெரியும். அடுத்தடுத்த உரிப்பில் அதன்மேல் இன்னொரு வளையம் சேர்ந்து இறுகி, இரத்தம் போகாமல் நுனி செத்துவிடும். கால் விரல்களும் இப்படித்தான் போகின்றன. ஈரமான பாசியோ ஈரத்துணியோ வைத்த ஒரு மூடிய ஒளிவிடம் பெட்டியில் இருந்தால் இந்த நிலை வருவது அரிது. தங்கிவிட்ட தோலை வெதுவெதுப்பான ஆழமில்லாத நீரில் ஊறவைத்து, நனைந்த பஞ்சுக் குச்சியால் உருட்டி எடுக்கலாம். பிய்த்து இழுக்கக் கூடாது. நுனி ஏற்கெனவே கருத்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

வால் முழுதாக உதிர்ந்திருந்தால் செய்ய வேண்டியவை சிலவே. உடன் இருக்கும் பல்லியை உடனே பிரிக்க வேண்டும். மணல், தேங்காய் நார்த்தூள் போன்றவை காயத்தில் ஒட்டும் என்பதால் அவற்றை அகற்றிவிட்டு வெள்ளை டிஷ்யூ தாளை விரித்து, அழுக்காகும்போதெல்லாம் மாற்ற வேண்டும். தாள் வெண்மையாக இருந்தால் இரத்தக் கசிவும் சீழும் உடனே கண்ணில் படும் என்பது இன்னொரு வசதி. கட்டுப் போடத் தேவையில்லை. வீட்டில் மனிதருக்கென்று வைத்திருக்கும் களிம்பைத் தடவுவது ஆபத்து. வலி மரக்கச் செய்யும் மருந்து கலந்தவை பல்லிக்கு நஞ்சாகலாம். வெப்பம் சரியாக இருந்தால்தான் காயம் ஆறும், தின்றது செரிக்கும். லெப்பர்ட் கெக்கோவுக்குப் பெட்டியின் சூடான பக்கத்துத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 டிகிரி அளவில் இருக்க வேண்டும். கிரெஸ்டட் கெக்கோவுக்கு நேர்மாறு. 28 டிகிரியைத் தாண்டினாலே அது வாடத் தொடங்கும். சென்னைக் கோடையில் குளிர்சாதனம் இல்லாத அறையில் அதை வைத்துக்கொள்வது அதைத் துன்புறுத்துவதுதான். வீக்கம், கருமை, நாற்றம், சீழ், அல்லது தொடர்ந்து தீனி மறுப்பு தென்பட்டால் மருத்துவரிடம் கொண்டுபோவதைத் தள்ளிப்போடக் கூடாது. லெப்பர்ட் கெக்கோவின் கொழுப்பு இருப்பு போய்விட்டதால் வாரம் ஒருமுறை சமையலறைத் தராசு போன்ற கிராம் தராசில் நிறுத்து எழுதிவைப்பது நல்லது. நோயுறாத பெரிய லெப்பர்ட் கெக்கோ பெரும்பாலும் 45 முதல் 80 கிராம் இருக்கும். அதில் 5 கிராம் குறைவதுகூடக் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். தீனிப் பூச்சிகளுக்கு முதலில் நல்ல காய், கீரை கொடுத்து, பிறகு கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும். கால்சியமும் வைட்டமின் டி3யும் போதாமல் எலும்பு மெலிந்து கால் வளைந்த பல்லிகள், வாலிழந்த பல்லிகளைவிடப் பன்மடங்கு துன்பப்படுகின்றன.

பொறுப்பு என்பது வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நன்றாக வளர்த்தால் லெப்பர்ட் கெக்கோவும் கிரெஸ்டட் கெக்கோவும் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வந்த பல்லி, அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும். ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் பெட்டியே வாங்க வேண்டும். ஊர்வன சால்மொனெல்லா கிருமியை நோயின் அறிகுறியே இல்லாமல் சுமக்கக்கூடியவை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் முதியோரும் இருக்கும் வீட்டில் மிகுந்த கவனம் தேவை. தொட்ட பிறகு சோப்பால் கை கழுவுவதும், பல்லியின் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பதும் கட்டாயம்.

நிறத்துக்காக மட்டும் இனம் பெருக்குவதன் கேடும் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். லெமன் ஃப்ராஸ்ட் என்ற எலுமிச்சை மஞ்சள் நிற வகை லெப்பர்ட் கெக்கோ சந்தைக்கு வந்தபோது ஏராளமானோர் ஆசைப்பட்டு வாங்கினார்கள். அந்த நிறத்தோடு தொடர்புடைய மரபணுவே தோலில் கட்டிகளை உண்டாக்குகிறது என்றும், அவ்வகைப் பல்லிகளில் 80 சதவீதத்துக்கும் மேலானவற்றுக்குக் கட்டி வந்தது என்றும் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு 2021இல் காட்டியது. எனிக்மா என்ற வகை தலைசாய்ந்து, தள்ளாடி, சுற்றிச்சுற்றி வரும். எதிரே இருக்கும் இரையைக்கூடச் சரியாகக் கவ்வ முடியாது. இவற்றை அழகு என்று விலை கொடுத்து வாங்கும் ஒவ்வொருவரும் அடுத்த தலைமுறை நோயாளிப் பல்லிகளுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்கள்.

எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் உண்டு. எய்ட்ஸுக்கு மருந்து என்ற ஆதாரமற்ற வதந்தியால் வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் டோக்கே கெக்கோ வேட்டையாடப்பட்டது. 2019இல் அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறை இடுக்குகளில் வாழும் பொன்பல்லிக்கு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சைட்டீஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்பதை அச்சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயமாக்கியது. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் சாக்ஸுக்குள்ளும் டப்பாக்களுக்குள்ளும் அடைத்த ஊர்வன சென்னை விமான நிலையத்தில் திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. அந்தப் பயணத்தில் வாலோடு வந்து சேர்பவையும் உயிரோடு எத்தனை நாள் இருக்கும் என்பது சந்தேகம். விற்பவரிடம் ரசீது, எங்கே பிறந்தது என்ற விவரம், பட்டியலில் உள்ள இனமானால் பதிவு ஆவணம் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். தராதவரிடம் வாங்கக் கூடாது.

வளர்க்க முடியாத நிலை வந்தால் அயல்நாட்டுப் பல்லியைத் தோட்டத்திலோ காட்டிலோ விட்டுவிடக் கூடாது. அதற்கு அங்கே வாழத் தெரியாது. அது சுமந்துவந்த கிருமிகளை உள்ளூர்ப் பல்லிகள் தாங்கும் என்ற உறுதியும் இல்லை. அனுபவமுள்ள வேறொரு வளர்ப்பாளரிடம் முறையாக ஒப்படைக்கலாம், அல்லது மருத்துவர் வழியாகவோ வனத்துறை வழியாகவோ இடம் தேடலாம். பெட்டி, அதன் வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட், எடை எழுதிய ஏடு ஆகியவையும் அதனுடன் போக வேண்டும். வால் எப்போது, எதனால் உதிர்ந்தது என்ற குறிப்பும் அந்த ஏட்டில் இருக்க வேண்டும்.