25 எழுத்துகள் செய்த குற்றமா?

பாலவாக்கம் கடற்கரையில் காலையில் வாக்கிங் போகிறவர்களில் 100 பேரை எண்ணிக்கொள்ளுங்கள். இந்தியச் சராசரிப்படி பார்த்தால், அதில் சுமார் 4 பேருக்கு இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் இருக்காது. அவர்களுக்கே அது தெரியாது! பயந்துவிடாதீர்கள், கதை இன்னும் இருக்கிறது.

அந்த மரபணுவின் பெயர் எம்.ஒய்.பி.பி.சி-3. இதில் கோளாறு வந்தால் இதயச் சுவர் தடித்துப்போகலாம். "நல்லாத்தானே இருந்தான்" என்று ஊரே அழும் சில இளவயது மரணங்களுக்குப் பின்னால் இந்த நோய்தான் இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50% வாய்ப்பு.

சரி, 25 எழுத்து போனால் என்ன ஆகும்? டி.வி. சீரியலைப் பதிவு செய்து, நடுவில் வரும் விளம்பரங்களை வெட்டிவிட்டு ஒட்டுவோம் இல்லையா? நம் செல்லும் அதையேதான் செய்கிறது. மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் பிரதி எடுத்து, தேவையில்லாத பகுதிகளை வெட்டி, மிச்சத்தை ஒட்டுகிறது. இதற்குப் பெயர் ஸ்ப்ளைசிங். காணாமல் போன அந்த 25 எழுத்துகள் இருந்தது 'விளம்பர'ப் பகுதியில்தான். ஆனால் எங்கே வெட்டுவது என்ற அடையாளம் அதில்தான் இருந்தது. அடையாளம் இல்லாததால் ஒரு முழுக் காட்சியும் சேர்ந்து வெட்டுப்படுகிறது.

2009-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் முதலியோர் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். இந்தக் குறை உள்ளவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு சுமார் 7 மடங்கு என்றார்கள். தெற்காசியாவுக்கு வெளியே இந்தக் குறை மிக அரிது.

ஆனால் ஒரு கேள்வி இடித்தது. 100-க்கு 4 பேரிடம் இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

2020-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அடங்கிய ஒரு குழு இதற்குப் பதில் சொன்னது. இந்தக் குறை உள்ள சிலரிடம், அதே மரபணுவில் வேறோர் இடத்தில் ஒரே ஒரு எழுத்தும் மாறியிருக்கிறது. அது விளம்பரத்துக்கு நடுவே ஒரு பொய் அடையாளத்தை வைக்கிறது. விளம்பரத்தின் ஒரு துண்டு கதைக்குள் நுழைய, அதற்குப் பிறகு புரதமே பாதியில் நின்றுவிடுகிறது. இந்தக் கூட்டாளியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 25 எழுத்து இல்லாததால் மட்டும் தடித்த இதய நோயின் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை!

இதில் நமக்கு என்ன? ரிப்போர்ட்டில் அந்த 25 எழுத்தைப் பார்த்ததும் வீடே இடிந்துபோக வேண்டாம். அதே சமயம், நோய் வந்த வீட்டில் "காரணம் கிடைத்துவிட்டது" என்று அதோடு தேடலை நிறுத்தவும் கூடாது. உண்மையான காரணம் பக்கத்திலேயே ஒளிந்திருக்கலாம்.

வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருந்தாலோ, ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்தாலோ, கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் இதய டாக்டரிடம் போய் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துக்கொள்வது நல்லது. "விதி" என்று விட்டுவிட்டால், அடுத்தவரைக் காப்பாற்றும் வாய்ப்பும் போய்விடும்.