கொல்லைப்புறக் கதவு

சிங்கப்பூர் வீழ்ந்த கதையை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். "பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து நின்றது, ஜப்பான்காரன் கொல்லைப்புறமாக வந்துவிட்டான்" என்பார்கள். வெள்ளைக்காரன் அவ்வளவு முட்டாளா என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்தக் கதையில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி சிரிக்கிற மாதிரி இல்லை.

முதல் உலகப் போருக்குப் பிறகு கிழக்கே ஒரு பெரிய கடற்படையை நிரந்தரமாக நிறுத்தி வைக்க பிரிட்டனுக்கு வசதி இல்லை. அதனால் சிங்கப்பூரில் ஒரு தளத்தை மட்டும் கட்டி வைப்பது என்று முடிவானது. ஆபத்து வந்தால் ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் வந்து சேரும். அதுவரை கரையோரப் பீரங்கிகள் தாக்குப்பிடிக்க வேண்டும். செம்பவாங்கில் அந்தத் தளம் 1938-ல் திறக்கப்பட்டது. அதைக் காக்க 15 அங்குலப் பீரங்கிகள் ஐந்து வந்தன. சாங்கியில் மூன்று, தென்மேற்கே புவோனா விஸ்டாவில் இரண்டு. ஒரு குண்டின் எடையே ஏறத்தாழ 880 கிலோ!

இவை வீண் என்று சொல்ல முடியாது. ஜப்பானியக் கடற்படை தெற்குத் துறைமுகத்தை நேராகத் தாக்க முயலவே இல்லை. சாங்கிப் பீரங்கிகள் பின்னர் வடக்கே திரும்பி ஜோகூர் பக்கம் சுடவும் செய்தன. சிக்கல் குண்டில் இருந்தது. கையிருப்பில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்காகச் செய்த குண்டுகள். தரையில் விழுந்தால் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துதான் வெடிக்கும். பரவி வரும் காலாட்படையை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

சரி, எதிரி வடக்கிலிருந்து வருவான் என்று யாருக்குமே தோன்றவில்லையா? தோன்றியது. 1937-ல் மலாயாவின் படைத்தலைவர் டாபியின் கீழ் பணியாற்றிய ஓர் அதிகாரி இதை ஆராய்ந்தார். எதிரி தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இறங்கி, நிலவழியாகத் தெற்கே வரலாம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலும் அது முடியும் என்று அப்போதே கணித்தார்கள். 1941 டிசம்பர் 8 அன்று, அதே பருவக்காற்றுக் காலத்தில், ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அப்போது மலாயாவின் படைத்தலைவராக இருந்தவர் பெர்சிவல். 1937-ல் அந்த ஆய்வைச் செய்த அதிகாரியும் அவரேதான்.

இரண்டு நாளில், டிசம்பர் 10 அன்று, உதவிக்கு வந்திருந்த 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. ஜப்பானியப் படை மலாயா வழியாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. தலைமைப் பொறியாளர் சிம்சன், தீவின் வடகரையில் முள்வேலியும் தடுப்புகளும் போடவேண்டும் என்று பெர்சிவலிடம் மன்றாடினார். அப்படிச் செய்தால் படையினரும் மக்களும் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று பெர்சிவல் மறுத்ததாக, பின்னாளில் எழுதிய நூலில் சிம்சன் சொல்கிறார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டால் திருடன் வருகிறான் என்று வீட்டில் உள்ளவர்கள் பயப்படுவார்களாம்!

1942 ஜனவரி 31 அன்று ஜோகூரை இணைத்த தரைப்பாலத்தைப் பிரிட்டிஷார் தகர்த்தார்கள். பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் படகுகளில் நீரிணையைக் கடந்து வடமேற்குக் கரையில் ஏறினார்கள். ஒரே வாரம். நீர்த்தேக்கங்கள் கைமாறின, நகரத்துக் குழாய்களில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. பிப்ரவரி 15 அன்று புக்கித் தீமாவிலிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் சரணடைந்தார்.

கணக்கு அதோடு தீரவில்லை. அடுத்த சில வாரங்களில் சிங்கப்பூர்ச் சீனர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை. பீரங்கி எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. ஆபத்து எந்தப் பக்கம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதும் இல்லை, மனம் தளர்ந்துவிடும் என்பதால்.

சாங்கியில் அந்தப் பீரங்கியின் மாதிரி ஒன்றை இப்போது நிறுவியிருக்கிறார்கள். அது எந்தத் திசையைப் பார்த்தது என்பது சின்னக் கேள்விதான். ஐந்து ஆண்டுகள் முன்பே தெரிந்த ஒன்றை ஏன் உரக்கச் சொல்லவில்லை என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.