சுகர் என்று சொல்லிவிட்டேன்

ராயபுரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மருந்தாளுநர் படிப்பு படித்தவன். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

என் கடைக்கு வழக்கமாக வரும் ஒருவர் துறைமுகத்தில் லாஷிங் வேலை பார்ப்பவர். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். ஷிப்டு முடிந்து வந்ததும் கடைப் படியில் உட்கார்ந்து சேஃப்டி ஷூவைக் கழற்றுவார். வலது காலில் மூணாவது, நாலாவது விரலுக்கு நடுவே அழுத்திப் பிசைவார். "கூழாங்கல்ல மிதிச்சா மாரி கீது தம்பி. ஷூவக் கழட்டுனாதான் கொறையுது."

"சுகரா இருக்கும்ணா" என்றேன்.

1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விஸ்வநாதன், 1954இல் இதே ராயபுரத்தில் ஆரம்பித்த பொது மருத்துவமனை பின்னாளில் நீரிழிவுக்கென்றே ஆனது. பாதப் பராமரிப்புக்கு இன்றும் பேர்போன இடம் அது. அந்த ஊரில் கடை வைத்துக்கொண்டு, கண்ணெதிரே நீட்டிய பாதத்தை நான் குனிந்து பார்க்கவில்லை. சர்க்கரையால் வரும் எரிச்சல் பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் வரும். இவருக்கு ஒரே கால், ஒரே இடம். ரத்தம் பரிசோதித்தீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டியிருந்திருக்கும். நரம்பு வலிக்கான, சீட்டில்லாமல் தரக்கூடாத பிரிகாபலின் மாத்திரையைத்தான் எடுத்துக் கொடுத்தேன். விலை கூடின மாத்திரை. மாதாமாதம் வாங்க வருவார். லீவு போட்டால் அவருக்குக் கூலி போகும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். பிரிகாபலின் தலைசுற்றலும் தூக்கமும் தரும் மருந்து. அதைப் போட்டுக்கொண்டு அவர் கன்டெய்னர் உயரத்தில் நின்று வேலை செய்தார். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

கடைசியில் மகள்தான் வற்புறுத்தி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். பாதத்தை இரு பக்கமும் சேர்த்து அழுத்தியதுமே டாக்டருக்குப் பிடிபட்டுவிட்டதாம். விரல்களுக்குக் கீழே பாத எலும்புகளுக்கு நடுவே நரம்பு நசுங்கித் தடித்திருந்தது. 1876இல் ஃபிலடெல்ஃபியாவின் அறுவை மருத்துவர் தாமஸ் மார்ட்டன் விவரித்த நோய். அவர் பெயரிலேயே மார்ட்டன் நியூரோமா என்கிறார்கள். ஆரம்பத்திலேயே போனால் முன்பக்கம் அகலமான ஷூ, பாதத்துக்கடியில் ஒரு பேட், மிஞ்சினால் ஓர் ஊசி என்று பலருக்கு அடங்கிவிடும். இவருக்கு ஊசியும் கேட்கவில்லை. நரம்பை வெட்டி எடுத்தார்கள். வலி போனது, அந்த இரு விரல்களுக்கு நடுவே உணர்ச்சியும் போனது.

"உன் மாத்திரைலதான் இத்தினி நாள் வண்டி ஓட்னேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டத்தான் எழுதுகிறேன்.