தாண் ஊரின் பழைய வாசல்

முதலில் எட்டியது தண்ணீர்ச் சத்தம்தான். பேருந்திலிருந்து இறங்கி மரங்களுக்குள் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். ஓடை இன்னும் கண்ணில் படவில்லை. அதற்குள் பக்கத்தில் இருப்பவரிடம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. இஸ்ரேலின் வடகோடியில், எர்மோன் மலையடிவாரத்தில் இருக்கும் டெல் தாண் இயற்கைக் காப்பகம் அது. மலையில் விழும் பனியும் மழையும் பாறைக்குள் இறங்கி இங்கே ஊற்றாகப் பொங்குகின்றன. யோர்தான் நதியை உருவாக்கும் ஓடைகளில் இதுவே பெரியது.

சிங்கப்பூரிலிருந்து திருச்சபைக் குழுவோடு போயிருந்தேன். எருசலேம், பெத்லகேம், கலிலேயாக் கடல் பார்த்துவிட்டுத் திரும்பும் பலர் இவ்வளவு வடக்கே வருவதில்லை. எனக்கு ஆசை வந்தது பாட்டியால். அவர் இரவில் வேதம் வாசிக்கும்போது ‘தாண் முதல் பெயெர்செபா வரை’ என்பது அடிக்கடி காதில் விழும். காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை என்பதுபோல, முழு நாட்டையும் குறிக்கும் வழக்கு அது. அந்த வடக்கு எல்லையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சிறுவயதிலேயே நினைத்தேன்.

தாண், யாக்கோபின் பன்னிரண்டு மகன்களில் ஒருவன். பெயருக்கு நியாயம் தீர்த்தவன் என்று பொருள். அவன் வழிவந்த கோத்திரத்துக்கு முதலில் ஒதுக்கப்பட்ட நிலம் இங்கே இல்லை. தெற்கே, மத்தியதரைக் கடல் பக்கம். சிம்சோன் பிறந்தது அங்கேதான். அந்த நிலத்தில் அவர்களால் காலூன்ற முடியவில்லை.

நியாயாதிபதிகள் 18ஆம் அதிகாரத்தின்படி, 600 பேர் ஆயுதங்களோடு வடக்கே கிளம்பினார்கள். வழியில் மீகா என்பவனின் வீட்டுச் சிலையையும் பூசாரியையும் எடுத்துக்கொண்டார்கள். வந்து சேர்ந்த ஊரின் பெயர் லாயீஸ். அங்கிருந்தவர்கள் யார் வம்புக்கும் போகாமல், பயமின்றி வாழ்ந்தவர்கள். கூப்பிட்டால் ஓடிவரப் பக்கத்தில் ஆளில்லை. அவர்களை வெட்டி, ஊரைக் கொளுத்தி, மறுபடி கட்டி, தாண் என்று தங்கள் மூதாதையின் பெயரை வைத்தார்கள்.

காட்டுப்பாதை மேட்டுக்கு ஏறியதும், ஒரு கூரையின் கீழ் மண்செங்கல் வாசல் ஒன்று நிற்கிறது. தொல்லியலாளர் அவ்ராகாம் பீரானின் குழு 1979இல் கண்டெடுத்தது. வயது சுமார் 3,800 ஆண்டுகள். கட்டிய கொஞ்ச காலத்திலேயே மண்ணால் மூடப்பட்டதால் வளைவுகூட இடியவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு இது ‘ஆபிரகாம் வாசல்’. கட்டியவர்கள் கானானியர், தாண் கோத்திரத்தார் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு இந்த ஊரில் இருந்தவர்கள்.

எங்கள் குழுவில் இருந்த ஆன்ட்டி ஒருவர் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்போ இது தாண் கட்டினது இல்லையா தம்பி?”

“இல்ல ஆன்ட்டி. அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க கட்டினது.”

“அந்த ஊர்க்காரங்க என்ன தப்பு செஞ்சாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்கள் தப்பு செய்ததாக அந்த அதிகாரமும் சொல்லவில்லை.

பின்னாளில் யெரொபெயாம் ராஜா பொற்கன்றுக்குட்டி ஒன்றை இந்த ஊரில் வைத்தான். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அசீரியர் வடநாட்டைப் பிடித்து மக்களைச் சிறைகொண்டு போனார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 7ஆம் அதிகாரம் கோத்திரங்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் தாண் இல்லை. 1993இல் இங்கே ஒரு சுவரில் கிடைத்த கல்வெட்டுத் துண்டு ‘தாவீதின் வீடு’ என்று குறிப்பிட்டு உலகப் புகழ் பெற்றது. அதைச் செதுக்கியதும் தாண் அல்ல, இஸ்ரேலை வென்ற அராமியர். கல் இப்போது எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனாலும் அந்தப் பெயர் ஒருமுறை கதவைத் திறந்தது. எத்தியோப்பிய யூதர்கள் தாணின் வழிவந்தவர்களே என்று 1973இல் தலைமை ரபி ஒவாடியா யோசேப் தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகே அவர்களுக்கு இஸ்ரேலில் குடியேறும் உரிமை கிடைத்தது. 1991 மே மாதம் 36 மணி நேரத்தில் 14,000க்கும் மேற்பட்டோர் விமானங்களில் வந்து இறங்கினார்கள்.

திரும்பும்போது இதை ஆன்ட்டியிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பேருந்தில் ஏறும் முன் திரும்பிப் பார்த்து, “அந்தப் பழைய ஊர் பேரு என்ன சொன்னே?” என்று கேட்டார்.

“லாயீஸ்” என்றேன். கைப்பையிலிருந்து பேனா எடுத்து, வேதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.