சக – சயக் கணக்கு

மலர்க் குழுவினர் என்னிடம் இலக்கியக் கட்டுரையொன்றையே எதிர்பார்த்தனர். யான் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தமை அவர்களுக்கு வியப்பளித்திருக்கும். 2017 முதல் மூன்றாண்டுகள் கல்லூரி அணியின் பொறுப்பாசிரியனாக இருந்தவன் யான். வேறெவரும் முன்வராமையே அதற்குக் காரணம். அக்காலத்திற் செய்த பிழையொன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கே படிக்கும் இம்மலரே அதனைச் சொல்லுதற்கு ஏற்ற இடம்.

2018இல், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பழைய மாணவரொருவர் எமக்கு ஒரு கணக்கைக் கற்பித்தார். ஒருவன் களத்தில் நிற்கும் வேளையில் அவன் அணி பெற்ற புள்ளிகளிலிருந்து, அதே வேளையில் எதிரணி பெற்ற புள்ளிகளைக் கழித்தால் வருவதே அவனது பேறு. அவன் நின்றபோது நாம் 18, அவர்கள் 12 எனின் அவனுக்குச் சக 6. மாறி நிகழ்ந்தால் சய 6. அவன் ஒருமுறையேனும் பந்தைக் கூடையில் இட்டிருக்க வேண்டுமென்பதில்லை. மொன்றியல் நகரின் பனிக்கட்டி ஹொக்கி அணியினர் 1950களிற் கையாண்ட முறை இது. அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் 2007–08 பருவத்திலிருந்து தன் ஆட்ட அறிக்கைகளில் இதனைச் சேர்த்துக்கொண்டது.

அம்முறை என்னை உடனே கவர்ந்தது. எறிந்தவனையே புகழ்ந்து, அவனுக்காக எதிரியை மறித்து நின்றவனை மறந்துவிடும் எம் வழக்கத்துக்கு அது நல்ல மருந்தாகத் தோன்றியது. மேலும், 'சக' என்னும் சொல் 'உடன்' எனப் பொருள்படுவதன்றோ! 'சயம்' என்பது தேய்வு. சயரோகத்திலுள்ள சயமும் அதுவே. சொற்பொருளில் மயங்கும் தமிழாசிரியனுக்கு இவ்வளவு போதாதா? கொப்பியும் பென்சிலுமாக வாங்கில் அமர்ந்துவிட்டேன். களத்தில் எந்நேரமும் ஐவர் நிற்பராதலின், 8 புள்ளிகளால் வென்ற ஆட்டத்தில் எல்லோருடைய பேறுகளின் தொகையும் 40 ஆதல் வேண்டும். இரவில் அதனைக் கூட்டிச் சரிபார்த்த பின்னரே உறங்குவேன்.

ஆறு ஆட்டங்களின் முடிவில் மாணவனொருவன் சய 31இல் நின்றான். அவன் சோம்பேறியல்லன், எதிரணியின் மிக உயர்ந்தவனைத் தடுக்கும் பொறுப்பை முகஞ் சுளியாது ஏற்பவன். ஆயினும் எண் எண்தானே என்று எண்ணினேன். இறுதியாட்டத்தில் அவனை இறக்க வேண்டாமென்று கொப்பியைக் காட்டிப் பயிற்றுநரிடம் வாதாடினேன். என் சொல்லே நின்றது. 11 புள்ளிகளால் தோற்றோம். அவன் மறுவாரம் பயிற்சிக்கு வரவில்லை. அதன்பின் ஒருநாளும் வரவில்லை.

அதன் பின்னரே கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். எம் முதல்தர நால்வருடன் அவன் நின்ற நேரத்தில் அவன் பேறு சக 7. இழந்த 38 புள்ளிகளும், அந்நால்வர் இளைப்பாறச் சென்றபோது மாற்று ஆட்டக்காரருடன் அவன் தனித்து நின்ற 38 நிமிடங்களில் இழந்தவை, நிமிடத்துக்கு ஒன்று. அவனுமில்லாது மாற்றாட்டக்காரர் மட்டும் நின்ற 10 நிமிடங்களில் 21 புள்ளிகளை இழந்திருந்தோம். பத்து நிமிடங்களை வைத்து எதனையும் நிறுவ முடியாதென்பது உண்மையே. இரண்டு எறிகள் தவறினால் அவ்வெண் வேறாகிவிடும். ஆனால், அதே குறை என் சய 31க்கும் உண்டென்பதை யான் எண்ணிப் பார்க்கவில்லையே! ஐவருடைய எண்ணை ஒருவன் தலையில் ஏற்றிவிட்டேன்.

பெரிய அணிகளிலும் இச்சிக்கல் உண்டு. 2015–16 பருவத்தில் கோல்டன் ஸ்டேற் அணி 82 ஆட்டங்களில் 73ஐ வென்றது. அவ்வணியின் ஸ்டெபன் கரி ஆட்டத்துக்குச் சராசரி 30.1 புள்ளிகள் குவித்தார். எனினும் அப்பருவத்துச் சக – சயக் கணக்கில் முதலிடம் பெற்றவர், சராசரி 14 புள்ளிகளே எடுத்த அவருடைய தோழர் டிரேமண்ட் கிரீன். கிரீனின் தடுப்பாற்றலை உலகம் கண்டுகொள்ள அவ்வெண் உதவியிருக்கலாம். ஆனால், இருவரும் பெரும்பாலும் ஒன்றாகவே நின்றனர். யாரால் யார் உயர்ந்தார் என்பதை அந்த எண் எங்ஙனம் கூறும்? களத்திலுள்ள பதின்மரையும் கணக்கில் எடுத்துத் திருத்தும் முறையொன்றை டான் ரோசன்பாம் என்னும் பொருளியலறிஞர் 2004இல் வெளியிட்டார். என்றும் பிரியாது ஆடும் இருவரைப் பிரித்தறிவது அம்முறைக்கும் அரிது.

சென்ற மாதம் அம்மாணவன், இப்போது உத்தியோகத்தன், இம்மலருக்குரிய விளம்பரப் பணத்துடன் வந்தான். அலுமாரியிலிருந்த கொப்பியை அவன்முன் வைத்து நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் தாள்களைப் புரட்டியவன், நான்காம் ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் விரலை வைத்தான்.

"சேர், இந்த ஏழும் போகேக்க நான் வாங்கிலயெல்லோ இருந்தனான். கால் பிரண்டு கட்டுப் போட்டது ஞாபகமில்லையே?"

எனக்கு நினைவில்லை. அவனுடைய 6ஆம் இலக்கத்தையும் இன்னொருவனின் 9ஐயும் மாற்றிப் பதிந்திருக்கிறேன். ஒருவனுடையதை மற்றவனுக்கு எழுதினாலும் மொத்தத் தொகை மாறாதாகையால், இரவுதோறும் சரிபார்த்தும் பிழை அகப்படவில்லை. பேனையை அவனிடமே கொடுத்தேன். 31ஐ வெட்டி 24 என்று எழுதினான். பின்னர் விளம்பரப் பணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டான்.